மாம்சம் என்ற சொல்லுக்குக் கூச வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் அன்று தங்கள் நாளிதழுடன் வந்த சிறப்புப் பக்கங்களை, அதிகாலை ஆராதனை முடிந்து வீடு திரும்பிய பின் வழக்கம்போல் ஒரு வரி விடாமல் வாசித்தேன். நட்சத்திர விளக்குகள், கேக், கீதப் பவனி, கிறிஸ்துமஸ் தாத்தா, குடில் போட்டி என்று எல்லாவற்றையும் பொறுமையாகத் தொகுத்திருந்த செய்தியாளர்களைப் பாராட்டுகிறேன். ஆனால், ‘உலகுக்கு அன்பைப் போதித்த மகானின் பிறந்தநாள்’ என்று முகப்புக் கட்டுரை இப்பண்டிகையை அறிமுகப்படுத்தியிருந்த விதம்தான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. அந்த வரியில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இயேசுவை மகான் என்று மதிக்கும் பிற சமயத்தார் நம் ஊரில் பலர் உண்டு; அவர்களுடைய அன்புக்கு நான் நன்றியுள்ளவள். எனினும், கிறிஸ்தவர்கள் அன்றைக்கு எதைக் கொண்டாடுகிறார்கள் என்ற கேள்விக்கு அந்த வரி விடையாகாது. மகான்களின் பிறந்தநாளை நாம் அவர்கள் வளர்ந்து செய்த செயல்களுக்காகக் கொண்டாடுகிறோம். கிறிஸ்துமஸில் கொண்டாடப்படுவது பிறப்புதான். அந்தக் குழந்தை ஒரு சொல்லும் போதிப்பதற்கு முன்பே, ஒருவரையும் குணமாக்குவதற்கு முன்பே, அது பிறந்துவிட்டது என்பதே எங்களுக்கு நற்செய்தி.

இதை எழுதுவதற்கு எனக்கு இறையியல் பட்டம் எதுவும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள். அதில் பெரும்பகுதியைப் பிரசவ வார்டில் கழித்தவள். பிறப்பு என்றால் என்னவென்று கொஞ்சம் தெரியும் என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

கட்டுரையில் குடிலும் மேய்ப்பர்களும் வந்தார்கள். லூக்கா சொல்லும் கதை அது; நட்சத்திரத்தைச் சொல்பவர் மத்தேயு. யோவானின் நற்செய்தியில் குடிலும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அவர் முழு நிகழ்வையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். எங்கள் சபைகளில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் அது ‘அந்த வார்த்தை மாம்சமாகி’ என்று தொடங்கி, ‘நமக்குள்ளே வாசம்பண்ணினார்’ என்று போகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அதே இடம் ‘வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்’ என்று இருக்கிறது. பின்னது நல்ல தமிழ். வாசிக்கத் தடையில்லாத தமிழ். ஆனாலும் எனக்கு முன்னதை விட்டுக்கொடுக்க மனமில்லை. சிறுமியாக ஓய்வுநாள் பள்ளியில் இந்த வசனத்தை மனப்பாடம் செய்தபோது, ‘மாம்சம்’ என்றதும் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எங்களுக்கு மாம்சம் என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்பில் கொதிப்பதுதான். ஆசிரியை அதட்டினார். இப்போது யோசித்தால், அன்று அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்டவர்கள் நாங்கள்தான் என்று தோன்றுகிறது. யோவான் எழுதிய கிரேக்கச் சொல் ‘சார்க்ஸ்’. மனிதன் என்பதற்கும் உடல் என்பதற்கும் அம்மொழியில் வேறு சொற்கள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, சதை, ஊன், வெட்டினால் இரத்தம் வருவது, வைத்தால் கெட்டுப்போவது என்ற பொருள் தரும் சொல்லை அவர் எடுத்தார். உலகம் உண்டாவதற்கு முன்பே தேவனோடு இருந்த வார்த்தைக்கு, அதன் எதிர்ப்புறத்தில் கண்ணுக்குத் தெரியும் கடைசிப் படியாக உள்ள சொல்லை அவர் பயன்படுத்தினார் என்றால், வாசகர் திடுக்கிட வேண்டும் என்றுதான் பயன்படுத்தியிருப்பார். ‘உள்ளம் பெருங்கோயில் ஊனுடம்பு ஆலயம்’ என்று திருமூலர் பாடிய மொழியில் இந்தத் திடுக்கிடலுக்கு இடமில்லாமல் போகாது. ‘வாசம்பண்ணினார்’ என்று நாம் வாசிக்கும் சொல்லும் மூலத்தில் ‘கூடாரமடித்தார்’ என்ற பொருள் உடையது. வனாந்தரத்தில் இஸ்ரவேலரோடு நடந்த, தேவனின் உறைவிடமாகிய ஆசரிப்புக் கூடாரத்தை நினைவூட்டுவது. அந்தக் கூடாரத்தின் திரைகளுக்கு ஆட்டுமயிரும் ஆட்டுத்தோலும் வேண்டியிருந்தன. இந்தக் கூடாரத்துக்கு ஒரு பெண்ணின் கருப்பை வேண்டியிருந்தது.

இங்கேதான் எங்கள் குடில்களைப் பற்றி ஒரு சிறு குறை. கடைகளில் விற்கும் குழந்தை இயேசு சுரூபத்தைப் பாருங்கள்: ஒரு வயதுக் குழந்தையின் பருமன், சுருள்முடி, திறந்த கண்கள், ஆசி வழங்க உயர்த்திய இரண்டு விரல்கள், சில வீடுகளில் தலையில் ஒரு கிரீடமும். பிறந்து ஒரு மணி நேரமான எந்தக் குழந்தையும் இப்படி இருக்காது. அது செக்கச்சிவந்து, முகம் வீங்கி, தலை ஒரு பக்கமாக நீண்டிருக்கும். தோலின் மடிப்புகளில் வெண்ணெய்போல் வெள்ளை மாவு அப்பியிருக்கும். தொப்புளில் அறுத்த கொடியின் ஈரமான நுனி இருக்கும். அக்குழந்தையால் ஏறக்குறைய ஒரு சாண் தூரத்துக்கு மேல் தெளிவாகப் பார்க்க முடியாது. அந்த ஒரு சாண் தாயின் மார்பிலிருந்து அவள் முகம் வரையுள்ள தூரம். உடம்பின் சூடு நிமிடத்துக்கு நிமிடம் இறங்கும் என்பதால், பிறந்ததும் துடைத்துச் சுற்றுவதுதான் நாங்கள் செய்யும் முதல் வேலை. ‘பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்’ என்று லூக்கா எழுதிய வரியை நான் எப்போதும் ஒரு செவிலியின் குறிப்பாகவே வாசிக்கிறேன். எசேக்கியேலின் 16ஆம் அதிகாரத்தில், பிறந்ததும் வெளியே எறியப்பட்ட ஒரு பெண் குழந்தைக்கு யாரும் செய்யாமல் விட்டவை வரிசையாகச் சொல்லப்படுகின்றன: தொப்புள் அறுக்கவில்லை, தண்ணீரில் குளிப்பாட்டவில்லை, உப்புத் தேய்க்கவில்லை, துணிகளில் சுற்றவில்லை. அக்காலத்துப் பிள்ளைப்பேற்றின் நடைமுறை முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. பெத்லகேமில் அந்தக் குழந்தைக்கு யாரோ அவற்றைச் செய்தார்கள். நம் ஊரில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவதில்லை. தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வைத்திருப்பார்கள், அதுதான் மெத்தென்று இருக்கும் என்று. மரியாளும் புதுத்துணிக்கு வழியற்ற இடத்தில்தான் இருந்தாள். குடிலில் பட்டுத்துணி விரிக்கும் வீட்டார் என்மேல் கோபிக்காமல், ஒரு பழைய வேட்டித் துண்டை விரித்துப் பார்க்கலாம்.

‘முன்னணை’ என்ற சொல்லும் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி என்று சொல்லிவிட்டால் போதும். மாடும் கழுதையும் நற்செய்திகளில் எங்குமே இல்லை. ‘மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்’ என்ற ஏசாயாவின் வசனத்திலிருந்து அவை நம் குடிலுக்குள் நடந்து வந்தன. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி நகர்ப் பிரான்சிஸ் முன்னணையைக் கண்முன் காட்ட விரும்பியபோது, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டுவரச் செய்தார். சாணி வாசம் இல்லாத கிறிஸ்துமஸ் அவருக்குப் போதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் சபை நாடகங்களில் பையன்கள் போட்டி போடும் சத்திரக்காரன் வேடமும் வேதத்தில் கிடையாது. மேடையில் உரக்கக் கத்த வாய்ப்புள்ள ஒரே பாத்திரம் என்பதால் அவனை யாரும் விட மாட்டார்கள். டிசம்பர் 25 என்ற தேதியும் வேதத்தில் இல்லை. ரோமாபுரியில் 336ஆம் ஆண்டு வாக்கில் அந்நாளில் கொண்டாடியதற்குச் சான்று உண்டு, ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இல் கொண்டாடுகிறது. தேதியைக் குறித்து ஆண்டுதோறும் தங்கள் பத்திரிகைக்கு எழுதும் வாசகர்களுக்கு இந்த அளவு போதும் என்று நினைக்கிறேன்.

தேவன் மாம்சமானார் என்பதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் வெளியில் மட்டும் இருக்கவில்லை. திருச்சபைக்குள்ளேயே அதன் முதல் நூற்றாண்டிலிருந்தே இருந்தார்கள். கிறிஸ்து உடலோடு வந்ததாகத் தோன்றினாரே தவிர உண்மையில் உடலெடுக்கவில்லை என்று சொன்னவர்களுக்கு மறுப்பாகத்தான் யோவானின் முதலாம் நிருபம் என்ற கடிதம், மாம்சத்தில் வந்த இயேசு கிறிஸ்துவை அறிக்கைபண்ணுவதையே உண்மையான ஆவிக்கு அடையாளமாக வைக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் லூக்காவின் நற்செய்தியிலிருந்து பிறப்புக் கதையை அப்படியே வெட்டி எடுத்துவிட்டு, வளர்ந்த ஆளாகவே கிறிஸ்து வானத்திலிருந்து கப்பர்நகூமில் இறங்கியதாக வைத்துக்கொண்டார். அவருக்குப் பதில் எழுதிய கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், கருப்பையின் இரத்தத்தையும் நீரையும் பிரசவ வேதனையையும் பிள்ளையைச் சுற்றிய துணிகளையும் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி, இவற்றைக் கண்டு அருவருக்கிறாயே, நீ மட்டும் எப்படிப் பிறந்தாய் என்று கேட்கிறார். 1,800 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஓர் ஆண் இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறாரே என்று, ஓய்வுபெற்ற பின் அதை முதன்முதல் வாசித்தபோது வியந்தேன். பிரசவ அறைக்கு வெளியே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற எத்தனையோ கணவன்மார்களிடம் நான் கேட்க நினைத்து விழுங்கிய கேள்வி அது.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு வந்தது. அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுஸ், குமாரன் உயர்ந்தவர்தான், ஆனாலும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு வேளை உண்டு என்று போதித்தார். அதைத் தீர்க்க 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய ஆயர்களின் சங்கம், இன்று துருக்கியில் இஸ்னிக் என்று அழைக்கப்படும் நிசேயாவில் நடந்தது. 2025இல் அதற்கு 1,700 ஆண்டுகள் நிறைவாயின. குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அங்கே எழுதிய வாசகத்தின் வழி வந்த விசுவாசப்பிரமாணத்தை, அதாவது எங்கள் நம்பிக்கையின் அறிக்கையை, நாங்கள் இன்றும் திருவிருந்து ஆராதனையில் எழுந்து நின்று சொல்கிறோம். ஒரே ஒரு சொல்லுக்காக இவ்வளவு சண்டையா என்று கேட்பவர்கள் உண்டு. நோயாளியின் நிலை மோசமாகும்போது, பெரிய டாக்டர் தொலைபேசியில் மருந்து சொல்வதற்கும், நள்ளிரவில் தாமே படியேறி வந்து கட்டிலருகே நிற்பதற்கும் உள்ள வேறுபாடு, வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும். வந்தவர் அனுப்பப்பட்ட ஒரு பெரியவர் மட்டுமே என்றால், தேவன் இன்னும் வரவில்லை என்றுதான் பொருள். ஆரியுஸை எதிர்த்த ஆயர் அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டும் விட்டுக்கொடுக்காமல் இருந்தது இதற்காகத்தான்.

அதே நூற்றாண்டில் நசியான்சு ஊர்க் கிரகோரி எழுதிய ஒரு வாக்கியம், செவிலியர் பயிற்சிப் பள்ளியிலேயே எழுதி மாட்ட வேண்டியது என்பேன்: ஏற்றுக்கொள்ளப்படாதது குணமாக்கப்படவில்லை. கிறிஸ்துவுக்கு மனித உடல் இருந்தது, மனித மனம் இருக்கவில்லை என்று சொன்ன அப்பொல்லினாருக்கு எதிராக அவர் இதை எழுதினார். கிறிஸ்து நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளவில்லையோ, அது சிகிச்சைக்கு வராமல் வெளியே நின்றுவிடும். ஆகவே பயமும் களைப்பும் அழுகையும் தெரியாத ஒரு கிறிஸ்துவால் பயந்தவருக்கும் களைத்தவருக்கும் பயனில்லை. 451இல் கல்கெதோனில் கூடிய சங்கம் தேவத்தன்மையும் மனிதத்தன்மையும் ஒரே கிறிஸ்துவில் கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல் இருக்கின்றன என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. நான்குமே எதிர்மறைச் சொற்கள். எப்படி இருக்கின்றன என்று ஒருவரும் துணிந்து சொல்லவில்லை. எப்படி இல்லை என்று வேலி கட்டினார்கள். அவர்களுடைய அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

தமிழில் இதைச் சொல்வதில் வேறொரு கடினம் இருக்கிறது. அதைத் தங்கள் கட்டுரையாளரும் உணர்ந்திருக்கலாம். நம் மொழி பிறவியைப் பற்றிக் களைத்துப்போன மொழி. ‘பிறவிப் பெருங்கடல்’ என்று வள்ளுவர் அதை நீந்திக் கடக்க வேண்டியதாகச் சொன்னார். ‘எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன்’ என்று மாணிக்கவாசகர் உருகினார். புகார் நகரத்துக் கோயில்களை வரிசைப்படுத்தும் இளங்கோவடிகள் சிவபெருமானைப் ‘பிறவா யாக்கைப் பெரியோன்’ என்று குறிக்கிறார். பிறக்காதிருப்பதே இறைவனின் பெருமை. இந்தச் சொற்களைக் கேட்டு வளர்ந்த காதில், கடவுள் பிறந்தார் என்ற சொல் எவ்வளவு முரணாக விழும் என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். அடுத்த வீட்டுச் சைவப் பெரியவர் ஒருவர், என் தந்தையின் நண்பர், கேக் வாங்கிக்கொண்டே ஒருமுறை கேட்டார்: “நாங்க பிறக்காம இருக்கணும்னு கும்பிடுறோம், உங்க சாமி எதுக்காக வந்து பிறக்கணும்?” என் தந்தைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எனக்கு இன்று வரும் பதில்: பிறவியிலிருந்து எங்களை வெளியே இழுத்துக்கொள்ள அவர் வரவில்லை, அதற்குள்ளேயே எங்களோடு இருக்க வந்தார். இம்மானுவேல் என்ற பெயருக்கு மத்தேயு தரும் பொருளும் அதுதான்: தேவன் நம்மோடு இருக்கிறார்.

அவதாரம் என்ற சொல்லை நான் மறுக்கவில்லை. இறங்கி வருதல் என்பது அதன் பொருள்; எங்கள் விசுவாசப்பிரமாணமும் அவர் இறங்கினார் என்றே சொல்கிறது. சென்னை மாநகர மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த சக்கரை செட்டியார் போன்ற தமிழ்க் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் அச்சொல்லைத் துணிந்து எடுத்துக்கொண்டு இயேசுவைப் பற்றி எழுதினார்கள். வேறுபாட்டைச் சொல்வதில் மட்டும் நாங்கள் நேர்மையாக இருக்க வேண்டும். அவதாரங்கள் துன்பப்படுவதில்லை, இயேசு துன்பப்பட்டார் என்று சில பிரசங்கிகள் சொல்வது தவறு; கம்பனின் இராமன் சீதையைப் பிரிந்து அழுத அழுகையைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. கீதையின் கண்ணன் யுகந்தோறும் வருவேன் என்கிறான். எபிரெயருக்கு எழுதிய நிருபம் கிறிஸ்து ‘ஒரேதரம்’ வந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதைவிடப் பெரியது இரண்டாவது: வந்த வேலை முடிந்ததும் அவர் உடலைக் கழற்றி வைக்கவில்லை. உயிர்த்தெழுந்த பிறகும் தோமாவுக்கு ஆணித் தழும்புள்ள கைகளைக் காட்டினார். அந்தக் கைகளோடுதான் பிதாவிடம் சென்றார் என்று நம்புகிறோம். மாம்சம் 33 ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுத்த வீடாக இருக்கவில்லை. முன்னணையில் எடுத்ததை அவர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

என்னோடு பணியாற்றிய கத்தோலிக்கத் தோழி ஒருவர், ஒரு கிறிஸ்துமஸ் இரவில் என்னை அவர்கள் ஆலயத்து நள்ளிரவுத் திருப்பலிக்கு அழைத்துச் சென்றார். புதுப் புடவைகளும் சிறுவர்களின் தூக்கக் கலக்கமும் பனியும் ஒலிபெருக்கியின் இரைச்சலுமாக இருந்தது. விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது, கன்னி மரியாவிடம் உடலெடுத்து மனிதரானார் என்ற இடம் வந்ததும், நின்றுகொண்டிருந்த கூட்டம் முழுவதும் சட்டென்று முழந்தாளிட்டது. இடமில்லாமல் முற்றத்து மணலில் நின்றவர்களும் புடவையைப் பார்க்காமல் முழந்தாளிட்டார்கள். மற்ற நாள்களில் அவ்விடத்தில் தலைவணங்குவார்களாம். கிறிஸ்து பிறப்பு விழாவிலும், மார்ச் 25 மங்கள வார்த்தை விழாவிலும் மட்டும் முழந்தாளிடுவது வழக்கமாம். எங்கள் சபையில் இது இல்லை. ஒரு வாக்கியத்தின் கனத்தைக் கால்மூட்டில் உணர்ந்தது அன்றுதான். இதைப் பற்றித் தங்கள் சிறப்புப் பக்கத்தில் இரண்டு வரி இருந்திருந்தால், கேக் செய்முறையில் ஒரு பத்தி குறைந்ததற்கு நான் வருந்தியிருக்க மாட்டேன்.

மாம்சம் என்று வாயால் சொல்வது எளிது. நான் அதை மறுத்த ஒரு நாளையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் நேர்மையாகாது. தொண்ணூறுகளில் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பணியில் இருந்தேன். எந்த மருத்துவமனை, எந்தக் குடும்பம் என்பது தேவையில்லை. விடிகாலை மூன்றரை மணிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எங்கோ ஒரு கோயிலில் மணி அடித்துப் பாட்டுப் போட்டிருந்தார்கள். அந்நாளில் பிறந்த பிள்ளையை உடனே வெந்நீரில் குளிப்பாட்டிவிடுவோம். இப்போது ஒரு நாளாவது பொறுக்கச் சொல்கிறார்கள், அதுவே சரி. எங்கள் வார்டு ஆயா குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, வெளியே காத்திருந்த பாட்டியிடம் நீட்டினார். பாட்டி சபையில் மதிப்புள்ள குடும்பத்தவர். அன்றைய ஆராதனைக்கு வெள்ளைப் புடவை உடுத்தித் தயாராக இருந்தார். ஆயா தூய்மைப் பணியாளர் குடியிருப்பைச் சேர்ந்தவர் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பாட்டி கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “சிஸ்டர், நீங்க வாங்கித் தாங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகவே சொன்னார். ஆயா ஒன்றும் பேசாமல் குழந்தையை என் கையில் வைத்தார். நான் வாங்கிப் பாட்டியிடம் கொடுத்தேன். நடந்தது அவ்வளவுதான். பணி முடிந்து நேராக ஆலயத்துக்குப் போய், வார்த்தை மாம்சமாகி என்ற பாடத்தை எழுந்து நின்று கேட்டேன். வார்டில் நடந்ததும் ஆலயத்தில் கேட்டதும் அன்று ஒன்றாக என் காதில் விழவில்லை. விழுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

தமிழகத்துத் திருச்சபைகளில் சாதி இருக்கிறது என்பது தங்கள் வாசகர்களுக்குப் புதிய செய்தியாகாது. கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை வைத்திருக்கும் ஊர்களை நான் அறிவேன். அதை ஒழுக்கக் குறைவு என்றும் சமூகக் கொடுமை என்றும் சொல்வார்கள், இரண்டும் உண்மை. நான் சொல்ல வருவது, அது முதலில் கிறிஸ்துமஸை மறுப்பது என்பதே. தேவன் எடுத்த மாம்சத்தில் இன்ன சாதி மாம்சம் என்ற ஒன்று இல்லை. மனித மாம்சம் ஒன்றே இருந்தது. ஒருவருடைய தொடுதல் தீட்டு என்று கை பின்னுக்குப் போகும்போது, கிரகோரியின் வாக்கியத்தின்படி, அவருடைய மாம்சத்தைக் கிறிஸ்து ஏற்றுக்கொள்ளவில்லை என்று நாங்கள் சொல்லிவிடுகிறோம். மார்சியோன் பிறப்புக் கதையைக் கத்தியால் வெட்டினார். நாங்கள் முழுக் கதையையும் வாசித்துவிட்டு அதையே செய்கிறோம்.

கிறிஸ்துமஸ் இனிப்பான பண்டிகை என்பதால் இதையெல்லாம் அன்று பேசலாமா என்று கேட்பார்கள். திருச்சபையின் நாள்காட்டி அப்படி நினைக்கவில்லை. 25ஆம் தேதி குழந்தை. மறுநாளே, கல்லெறியுண்டு செத்த ஸ்தேவானின் நினைவுநாள். 28ஆம் தேதி ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகள். நம் மாநிலத்தின் நாள்காட்டியும் அந்த வாரத்தில் இலேசாக இல்லை. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளுமே மிகுதி. 2004 டிசம்பர் 26 காலையில் கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்தவர்களைக் கடல் எடுத்துக்கொண்டது. இவற்றுக்கு விளக்கம் தருவதற்காகத் தேவன் மனிதரானார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எரியக்கூடிய, மூழ்கக்கூடிய மாம்சத்தை அவரும் எடுத்தார் என்பதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் வார்டில் நான் விளக்கம் எதுவும் சொன்னதில்லை, கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முகப்புப் படத்தைப் பற்றியது. தங்கள் ஓவியர் வரைந்த குழந்தை அழகாக இருந்தது. ஆனாலும் அது பொம்மைக் குழந்தை. அடுத்த ஆண்டு, விழாத தொப்புள்கொடியோடு, கண் மூடிய, சுருங்கிய முகமுள்ள குழந்தையை அவர் வரையட்டும். கீழைத் திருச்சபைகளின் பழைய பிறப்புத் திருவோவியங்களில் ஒரு காட்சி உண்டு. நற்செய்திகளில் இல்லாதது; அதில் வரும் பெண்கள் இரண்டாம் நூற்றாண்டுக் கதை ஒன்றிலிருந்து வந்தவர்கள். நடுவில் மரியாள் படுத்திருக்க, கீழே ஒரு மூலையில் இரண்டு பெண்கள் குழந்தையைக் குளிப்பாட்டுவார்கள். ஒருத்தி குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். மற்றவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தொட்டிக்குள் கையை விட்டுச் சூடு பார்ப்பாள். அந்தப் பெண்களையும் தங்கள் ஓவியர் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும். எங்கள் வார்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் அப்படிக் கையை விட்டுச் சூடு பார்த்தவர் அந்த ஆயாதான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
பாளையங்கோட்டை.
(பெயர் வெளியிட வேண்டாம்)